சித்தி தின்ற மாக்கல்

சிலேட்டில் எழுதிப் படித்த நமக்கெல்லாம் அந்த ருசி தெரியும். வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்போது குச்சியின் முனை தானாக வாய்க்குப் போகும். நாக்கில் பட்டதும் முதலில் ஒரு குளிர்ச்சி. பிறகு சோப்பு மாதிரி வழவழவென்று கரையும். புழுதியில் முதல் மழை விழுந்தால் ஒரு வாசனை எழும்புமே, அது மூக்குக்குப் பின்னால் ஏறும். ஒரு துண்டு கடித்து முழுங்கியதுண்டா என்று இப்போது கேட்டாலும் நம்மில் பாதிப்பேர் சிரித்து மழுப்புவோம்.

சாம்பல் நிறத்தில் ஒரு முரட்டுக் குச்சி வருமே, சிலேட்டைக் கீறி வைக்கும், அதைச் சொல்லவில்லை. நான் சொல்வது வெள்ளைக் குச்சி. மாக்கல்லை அறுத்துச் செய்தது. நகத்தால் கீறினாலே மாவு உதிரும். அம்மா புளிக்குழம்பு வைத்த கல்சட்டியும் அந்த இனத்துக் கல்தான். முகத்துக்குப் போடும் பவுடரும் அதை அரைத்த மாவுதான் என்று வெகுகாலம் கழித்து என் பேரன் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். வேறு ஏதோ பாறை பூமிக்குள் வெந்து நசுங்கி அப்படி மெத்தென்று ஆகிவிடுகிறதாம். எனக்கு அந்தக் கல் என்றால் நினைவுக்கு வருவது என் சித்தி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில் எங்கள் வீடு கடற்கரைக்குப் போகும் தெருவில் இருந்தது. முன்பக்கம் அப்பாவின் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு. அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். தோணியில் சரக்கேற்றிக் கொண்டுபோவார்கள். தோணிக்காரர்கள் கயிறும் கருப்பட்டியும் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கடை அப்பா கையில், வீடு அத்தை கையில். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்று, அது தங்காமல், பின்னாலேயே புருஷனும் போய், தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும். அம்மாகூட உப்புக்கும் புளிக்கும் அவளிடம்தான் கேட்பாள்.

சித்தப்பா கொழும்பில் ஒரு சொந்தக்காரர் கடையில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தார், கொஞ்ச நாள் இருந்தார், திரும்பிப் போனார். சித்தி எங்களோடு தங்கிவிட்டாள். சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் பனங்காட்டுக்குள் அவள் ஊர். எங்கள் வீட்டில் எல்லோரையும்விடக் கறுப்பு. சிரித்தால் வீடே வெளிச்சமாகும். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அவளுக்குப் பதினெட்டு. பேருக்குத்தான் சித்தி. நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம்.

சித்தப்பா போன பிறகு கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது என்ற சேதி வந்தது. வீட்டில் இரண்டு நாள் உலை வைக்கவில்லை. பிறகு ஒரு தோணிக்காரர் கடை வாசலில் நின்று, "ஒங்க தம்பி நல்லா இருக்காரு அண்ணாச்சி, நானே கண்ணால பாத்தேன்" என்று சொன்னார். முதலாளி கடையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிட்டாராம். அதனால் இப்போதைக்கு வர முடியாதாம். சித்திக்கென்று ஒரு பவுடர் டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். மூடியில் ரோஜாப்பூ படம் போட்ட தகர டப்பா. சித்தி அதை முகத்தில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் முற்றத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏளா, அந்தக் குச்சியக் கொஞ்சம் காட்டு."

கொடுத்தேன். மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள்.

"மழ பெஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கடித்தாள். கறுக் என்று சத்தம். மென்று முழுங்கிய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவள் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது அவள் முகம். "யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு குச்சியை இரண்டாக உடைப்போம். பாதி எனக்கு எழுத, பாதி அவளுக்குத் தின்ன. கொஞ்ச நாளில் எனக்கு வெறும் நுனிதான் மிஞ்சியது. டீச்சர் என்னை பெஞ்சு மேல் நிற்க வைத்தாள். "குச்சி விக்கிற கடை வீட்டுப் பிள்ள, குச்சி இல்லாம வாரியே" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தாள்.

சித்தி மாட்டிக்கொண்டது அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையால்தான். அத்தை அதை விரலால் துடைத்துப் பார்த்தாள். நான் சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் அத்தை சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பிகிட்ட சொல்லு, கடையில ஒரு பொட்டலம் எடுத்து வைக்கட்டும். மசக்கைக்காரி கேக்குதா."

அம்மாவும் சிரித்தாள். "இவ வயித்துல இருக்கையில நான் அடுப்புச் சாம்பல அள்ளித் தின்னேன், மைனி" என்று என்னைக் காட்டினாள். அப்படித்தான் சித்திக்குப் பிள்ளை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் நல்ல மாதம். அப்பா கடையிலிருந்து குச்சிப் பொட்டலம் கொண்டு வந்து வெட்கத்தோடு அம்மாவிடம் கொடுப்பார். அம்மா சித்தியிடம் கொடுப்பாள்.

அந்த வருஷம்தான் ரங்கூன் அரிசி நின்று போனது. அரிசிக்கு அலைந்ததையும் கூழ் குடித்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் வீடு என்பதால் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு வரிசை உண்டு. அப்பா, கடைப் பையன்கள், பிள்ளைகள், அத்தை. அப்புறம் அம்மாவும் சித்தியும். கடைசியில் சட்டியில் என்ன இருக்கும் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. குழம்பில் மீன் இருக்காது, மீன் வாசனை இருக்கும். அதில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார்கள். அது யாரும் யாருக்கும் செய்த கொடுமை இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

சித்தி வெளுக்க ஆரம்பித்தாள். கறுப்பு முகம் மெல்ல மெல்லச் சந்தன நிறமாக மாறியது. உதடு, உள்ளங்கை எல்லாம் மெழுகு மாதிரி ஆனது. முகம் உப்பியது. அதைப் பார்த்து எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது.

"ஒங்க வீட்டு மருமகளுக்குக் கலர் வந்துட்டு" என்று அடுத்த வீட்டு ஆச்சி சொன்னாள். "கொழும்புப் பவுடர்னா சும்மாவா."

"வயித்துல இருக்கது பொம்பளப் பிள்ள. அதான் தாய்க்கு அழகு கூடுது" என்றாள் இன்னொருத்தி.

சித்தி கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் என்னிடம், "ஒங்க சித்தப்பா வந்தா என்னைய அடையாளம் தெரியுமாளா?" என்று கேட்டாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

சாயங்காலங்களில் அத்தையிடம் கேட்டுக்கொண்டு நாங்கள் கடற்கரைக்குப் போவோம். உப்பு மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போகும். கருவாட்டு வாசனையும் தோணிக்குப் பூசும் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். முன்பெல்லாம் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டு போன பாதையில் சித்தி இப்போது அங்கங்கே உட்கார்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடிப்பது ரவிக்கைக்கு வெளியே தெரியும். "கொஞ்சம் நில்லுளா, மூச்சு வாங்கிக்கிடுதேன்" என்பாள். நான் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி ஓடி வருவேன். அவள் விளையாட வரவில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்: "பிள்ள பொறந்ததும் நான் கொழும்புக்குப் போயிருவேன். அங்கன தெனமும் மழ பெய்யுமாம். ஒங்க சித்தப்பா சொன்னாரு. எங்க ஊர்ல மேகம் வரும், பாத்துட்டுப் போயிரும். அங்கன கதவத் தெறந்தா மழ."

காலும் வீங்கிய பிறகுதான் அத்தைக்குப் பயம் வந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அத்தை அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. தங்காமல் போன தன் பிள்ளையை நினைத்திருப்பாள். அன்று சாயங்காலம் அப்பாவிடம், "தின்ன கல்லெல்லாம் வயித்துல கெட்டிப்பட்டுட்டு தம்பி. பிள்ளையச் சுத்திக் கல்லு. அதான் ஒடம்புல நீர் எறங்காம நிக்கி" என்றாள்.

அப்பா குச்சிப் பெட்டியைக் கடையின் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். சித்திக்குப் பத்தியம் தொடங்கியது. மீன் கூடாது, கல்லோடு சேர்ந்தால் விஷம். முருங்கைக்கீரை கூடாது, வாயு. கருப்பட்டி கூடாது, சூடு. அரிசிக் கஞ்சியும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான். தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த அரிசியை அத்தை தன் பங்கிலிருந்து கொடுத்தாள். இதை நான் சொல்லியாக வேண்டும். அத்தை கூழைக் குடித்துக்கொண்டு சித்திக்கு வெள்ளைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். திருச்செந்தூருக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

அம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "மைனி, மிஷன் ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் இருக்காங்களாம். ஒரு நட கூட்டிட்டுப் போய்ப் பாத்தா என்ன?"

"போய் என்னன்னு சொல்லுவ? எங்க வீட்டு மருமக கல்லத் திங்குதான்னா? சோறு போட மாட்டாங்களாக்கும்னு கேக்க மாட்டாங்களா?"

அப்பா எழுந்து கடைப்பக்கம் போனார். அவருக்கும் அந்தக் கேள்விதான் பயம் என்று நினைக்கிறேன். கடைக்கு வருகிற போகிறவர்களெல்லாம் காதில் போட்டுக்கொள்வார்களே. அம்மா அப்புறம் கேட்கவில்லை.

குச்சி கிடைக்காமல் சித்தி தவித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கல்சட்டியைக் கழுவும்போது விளிம்பை நகத்தால் சுரண்டி விரலை நக்குவாள். வெள்ளையடித்த சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் பவுடர் டப்பாவைப் பார்த்தேன். காலியாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கினேன். பையில் போட்டால் அத்தை பார்த்துவிடுவாள் என்று பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டு வருவேன். சித்தி அந்தத் துண்டுகளைக் கழுவக்கூட மாட்டாள். என் கையிலிருந்து நேரே வாய்க்குப் போகும். தின்றுவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளுவாள். அவள் விரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும்.

ஒரு நாள் பாவாடை மடிப்பிலிருந்து ஒன்று நழுவி அத்தை காலடியில் விழுந்தது. அத்தை அதைக் குனிந்து எடுத்தாள். மடிப்பை உதறச் சொன்னாள். எல்லாம் விழுந்தது. என்னை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை.

"தெனமும் நீதான் கொண்டாந்து குடுக்கியா?" என்றாள். "அவளக் கொல்லவா பாக்க?"

சித்தி குறுக்கே வந்து, "நாந்தான் மைனி கேட்டேன். பிள்ளைய அடிக்காதீங்க" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசவம் மாதம் நிறையாமலேயே வந்தது. பட்டப்பகல். என்னை அடுத்த வீட்டு ஆச்சியிடம் விட்டிருந்தார்கள். ஆச்சி எனக்குப் பனங்கிழங்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் குரல் பெரிதாகக் கேட்கவே இல்லை. மற்ற பெண்கள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். சித்திக்குக் கத்தத் தெம்பில்லை. குழந்தையின் குரலும் கேட்கவில்லை. அப்புறம் அம்மா அழும் சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போனேன். யாரும் தடுக்கவில்லை. மருத்துவச்சி முற்றத்தில் கை கழுவிக்கொண்டு அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எத்தனையோ பாத்துட்டேன் ஐயா. ரத்தம் அப்படி ஒண்ணும் போகல. கொஞ்சந்தான் போச்சு. அதுக்குள்ள உயிரு அணைஞ்சிட்டு." அந்த வார்த்தை அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை சித்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றி அந்தப் பிள்ளை. பெண் பிள்ளைதான். அதற்கும் மூச்சில்லை. அத்தை அழவில்லை. என்னைப் பார்த்தாள். "கல்லுதான் கொன்னுட்டு" என்றாள். வந்த பெண்களிடமெல்லாம் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கண் என் பக்கம் வந்தது.

சித்தப்பா வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு, கையில் ஒரு பெட்டியோடு கூடத்தில் நின்றார். அத்தைதான் நடந்ததைச் சொன்னாள். பத்தியம், நேர்ச்சை, எல்லாம் சொன்னாள். கடைசியில், "இந்தப் பிள்ளதான் ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டாந்து குடுத்திருக்கா" என்றாள். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அடிக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். மணலில் உட்கார வைத்தார். பிறகு, "அவ என்ன பேசுவா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்கிட்டத்தான எப்பவும் இருப்பா. என்னென்ன பேசுவா, சொல்லு."

நான் சொன்னேன். கண்ணாடி பார்த்தது, அடையாளம் தெரியுமா என்று கேட்டது, சீப்புக்குச் சண்டை போட்டது, பவுடரை முகர்ந்து பார்த்தது. கொழும்பில் கதவைத் திறந்தால் மழை என்று சொன்னதையும் சொன்னேன்.

"தெனமும் பெய்யாது" என்றார் சித்தப்பா. "சும்மா சொன்னேன்." துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பெண்டாட்டியோடு அவர் இருந்ததைவிட நான்தான் அவளோடு அதிக நாள் இருந்திருக்கிறேன். அவளைப் பற்றி விசாரிக்க அவருக்கு ஒரு ஏழு வயதுப் பிள்ளையைத் தவிர ஆள் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. கல்தான் என்று அவரும் நம்பியிருப்பார். திரும்பிக் கொழும்புக்குப் போனவர் அங்கேயே இருந்து அங்கேயே கண்ணை மூடினார்.

நான் வளர்ந்தேன். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் யாராவது ஒருத்தி இன்னொருத்தி காதில், "இவதான் அந்தக் குச்சி குடுத்த பிள்ள" என்று சொல்வது எனக்குக் கேட்கும். நான் முழுகாமல் இருந்தபோது சிலேட்டு இருக்கும் அறைப்பக்கமே போனதில்லை. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது அவள் தலையணைக்கடியில் வெள்ளைக் குச்சிப் பொட்டலம் ஒன்றைப் பார்த்தேன். அப்படியே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

"கல்லத் தின்னதால ஒடம்பு வெளுத்துட்டா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லம்மா. முதல்ல ரத்தம் கொறஞ்சிருக்கு. ரத்தம் கொறஞ்சா சில பேருக்கு இப்படிக் கல்லு, மண்ணு தின்னணும்னு தோணும். இரும்புச் சத்து மாத்திரை தாரேன். மீன், ஈரல், கீரை நல்லாக் குடுங்க. சரியாயிரும்."

சரியாகிவிட்டது. மாதம் ஒன்று போனதும் மகளுக்குக் குச்சி வேண்டியிருக்கவில்லை. நல்லபடியாகப் பெற்றெடுத்தாள். நான்தான் டாக்டரைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மீன் கூடாது, கீரை கூடாது, கருப்பட்டி கூடாது என்று வாசலில் நின்று அத்தை சொன்னது காதில் கேட்டது.

பேத்தி பிறந்த கையோடு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். அத்தை அப்போது என் தம்பி வீட்டில் கட்டிலில் கிடந்தாள். பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். வழி நெடுக என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட வேண்டும், நாற்பது வருஷமாக என் தலையில் இருந்ததை அவள் மடியில் இறக்கிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அத்தை என் கையைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். மகளைப் பற்றிக் கேட்டாள்.

"நல்லா இருக்கா அத்தை. நடுவுல அவளும் குச்சி தின்னா. டாக்டரு மாத்திர குடுத்தாங்க. நின்னுட்டு."

"என்ன மாத்திர?"

"ரத்தம் ஊறுததுக்கு."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒரு நா சாள மீன் கொழம்பு கொதிச்சிக்கிட்டு இருந்திச்சி. ஒங்க சித்தி அடுப்படி வாசல்ல வந்து நின்னா. ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னா. பத்தியமாச்சே, போய்ப் படுளான்னு அனுப்பிட்டேன். ஒரு துண்டு குடுத்திருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்பவும் தெனமும் அந்த வாசல்ல வந்து நிக்கா."



"ஏளா," என்றாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவளுக்கு ரத்தம் இல்லாமத்தான் போச்சோ? நான் போட்ட பத்தியந்தானோ?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவள் மங்கிய கண் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"இல்ல அத்தை" என்றேன். "அது கல்லுதான். நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்."

அவள் பிடி தளர்ந்தது. மூச்சு சீரானது. என் தலையைத் தேடிக் கையை வைத்தாள்.

"நீ சின்னப் பிள்ள" என்றாள் அத்தை. "ஒனக்கு என்ன தெரியும்."